புதிதாகப் பூட்டிய கணினி: கேம் நடுவில் மூடிக்கொள்கிறது, சில நேரம் கணினியே அணைந்து எழுகிறது

அச்சுக்கோப்பவன் (காரைக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி எல்லாம் நானே வடிவமைக்கிறேன். வயது 41. பகல் முழுக்க மற்றவர்களின் சித்தப்பா பெரியப்பா பெயர்களைப் பிழையில்லாமல் அடுக்கிவிட்டு, கடை சாத்திய பிறகு கேம் விளையாடுவது ஒன்றுதான் எனக்கு இருக்கும் பழக்கம். வெற்றிலைகூடப் போடுவதில்லை.

ஆவணி முகூர்த்தங்கள் நன்றாக வந்ததால் பழைய கணினியைத் தள்ளிவிட்டுப் புதிது பூட்டத் துணிந்தேன். சென்னை ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி, பாகம் பாகமாக வாங்கினேன். மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் பல்லவன் ரயிலில் ஊர் வரும்வரை மடியை விட்டு இறக்கவில்லை. பக்கத்து இருக்கைப் பாட்டி "பலகாரமா தம்பி?" என்று கேட்டார். பலகாரம் என்றால் பங்கு தரவேண்டுமே என்று "இரும்புச் சாமான்" என்றேன்.

வாங்கியவை: ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, டிடிஆர்5 6000 ராம் 16 ஜிபி இரண்டு, ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி கார்டு, 750 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 1 டிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11. காணொளி பார்த்து நானே பூட்டினேன். முதல் முயற்சியிலேயே திரை எரிந்தது. அன்றைக்கு இருந்த பெருமை இப்போது இல்லை.

பிரச்சினை இதுதான். சைபர்பங்க் 2077 ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையிலிருந்து மறைந்து டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. சில நாள் பத்து நிமிடத்தில், சில நாள் இரண்டு மணி நேரம் கழித்து. இன்னும் சில நாள் கேம் மட்டும் போவதில்லை, கணினியே பொட்டென்று அணைந்து தானாக மறுபடி எழுகிறது. கிராபிக்ஸ் டிரைவரைப் பாதுகாப்பு நிலையில் முழுக்க நீக்கி மறுபடி போட்டேன். விண்டோஸை இரண்டு முறை புதிதாக ஏற்றினேன். சூடும் இல்லை: கேம் ஓடும்போது பிராசசர் 78 டிகிரி, கார்டு 66 டிகிரி.

கடையில் கேட்டால் "சாஃப்ட்வேர் கோளாறு" என்கிறார்கள். என் மைத்துனர் "பழைய கார்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள்" என்கிறார். அவருக்குக் கணினியைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். ஆனாலும் ராத்திரியில் அந்த வார்த்தை உறுத்துகிறது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய். பூட்டிய கணினியின் உட்பக்கப் படம் இணைத்திருக்கிறேன். வழி சொல்லுங்கள்.

மின்னல்வேகம்

எஸ்.எம்.பி.எஸ். போதாது. 1000 வாட் மாற்றுங்கள். இல்லையென்றால் பிராசசரே சீக்காளி. போன ஆண்டு முழுக்க இதே கதைதான் எங்கும் படித்தேன், பிராசசர் கெட்டுப்போய் கேம் மூடிக்கொள்கிறது என்று. கடையில் சண்டை போட்டு மாற்றுங்கள்.

நெல்லை சர்வீஸ்

மின்னல்வேகம் தம்பி, நீங்கள் படித்தது இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களைப் பற்றி. தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய்ப் பழுதானதை அந்த நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோடு (பிராசசரின் உள்நிரல்) திருத்தம் வெளியிட்டது. இவர் வைத்திருப்பது ரைசன். அந்தச் சீக்கு இந்த வீட்டுக்கு வராது. எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போதும். 7800 எக்ஸ்டி கார்டுக்கு 263 வாட், பிராசசர் முழு வேகத்தில் 88 வாட். மற்றதெல்லாம் சேர்த்தாலும் 750 தாங்கும்.

அச்சுக்கோப்பவன் ஐயா, இருபது வருடமாகப் பழுது பார்க்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் "கேம் நிற்கிறது" என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். வயிற்றுவலி என்று சொல்வது மாதிரிதான் அது. நீங்கள் எழுதியிருப்பதிலேயே இரண்டு நோய் இருக்கிறது. கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப் வருவது ஒன்று. கணினி அணைந்து எழுவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்து தேடியதால்தான் விண்டோஸை இரண்டு முறை ஏற்றியும் பலன் இல்லை.

புதிதாக எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டு எடுத்து நான்கு நாள் எழுதுங்கள். எந்த நாள், மணி எத்தனை, இரண்டில் எது நடந்தது. பிறகு விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்ற பிழைப் பதிவேட்டைத் திறந்து, அந்த நேரத்துக்கு நேராக இருக்கும் சிவப்புக் குறிகளைப் பாருங்கள். ‘அப்ளிகேஷன் எரர் 1000’ என்று இருந்தால், அதற்குள் எந்தக் கோப்பில் தவறு என்று இருக்கும், அதைக் குறியுங்கள். ‘கெர்னல் பவர் 41’ இருந்தால் அதற்குள் ‘பக்செக் கோடு’ எண்ணைக் குறியுங்கள் (விண்டோஸே தவறு கண்டு நிறுத்தியிருந்தால் அதன் எண் இருக்கும், இல்லையென்றால் சுழியம்). 41ஐப் பார்த்தவுடன் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குறை சொல்லி ஓடவேண்டாம். அது மரணச் சான்றிதழில் ‘இறந்தார்’ என்று மட்டும் எழுதியது மாதிரி. எப்படி என்று அதற்கே தெரியாது.

இன்னொரு கேள்வி. கேமுக்கு வெளியே ஏதாவது கோளாறு உண்டா? பெரிய கோப்பு விரிக்கும்போது, பிரவுசரில், உங்கள் அச்சு வேலையில்?

அச்சுக்கோப்பவன்

நான்கு நாள் கேட்டீர்கள், ஆறு நாள் எழுதினேன். தொழில் புத்தி, பிழைப் பட்டியல் என்றால் கை தானாக ஓடுகிறது.

கேம் மட்டும் மூடியது பதினொரு தடவை. அதற்கு நேரம் காலம் கிடையாது. ஞாயிறு காலை பத்தரைக்கும் நடந்தது, இரவு பன்னிரண்டுக்கும் நடந்தது. பதினொன்றிலும் ‘அப்ளிகேஷன் எரர் 1000’, எண் 0xசி0000005. ஆனால் தவறிய கோப்பு ஒவ்வொரு முறையும் வேறு வேறு. நான்கு தடவை கேமின் சொந்தக் கோப்பு, மூன்று தடவை விண்டோஸின் என்டிடிஎல்எல், மீதியில் கார்டின் டிரைவர், ஒலி சம்பந்தமான ஏதோ ஒன்று. ஒருமுறை மட்டும் நீலத்திரை வந்தது, ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று.

கணினி அணைந்து எழுந்தது ஐந்து தடவை. இதைத்தான் பார்த்துத் திகைத்துப்போனேன். ஐந்தும் மாலை ஏழு மணிக்கும் ஒன்பதே காலுக்கும் இடையில். விளக்கு வைக்கும் நேரத்தில் வரும் கோளாறு! என் மனைவி சுத்திப்போடச் சொல்கிறார். ஐந்திலும் 41, பக்செக் கோடு சுழியம். அணைவதற்கு முன் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. கேபினெட்டிலிருந்து வருவதாக நினைத்திருந்தேன்.

கேமுக்கு வெளியே உண்டு. நீங்கள் கேட்டபிறகுதான் நினைவுக்கு வந்தது. 2 ஜிபி எழுத்துரு மூட்டை ஒன்றை விரித்தபோது ‘சிஆர்சி தவறு’ என்றது, அதாவது உள்ளே இருப்பது கெட்டிருக்கிறதாம். அதே மூட்டையை உடனே மறுபடி விரித்தேன், ஒழுங்காக விரிந்தது. பதிவிறக்கத்தில் கோளாறு என்று விட்டுவிட்டேன். கேமின் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னால் ஒருநாள் மூன்று கோப்பு கெட்டிருப்பதாகச் சொல்கிறது, அடுத்த நாள் ஒன்றுமில்லை என்கிறது. ஒரு புரூஃபை இரண்டு பேர் பார்த்து இரண்டு விதமாகத் திருத்தினால், நான் முதலில் சந்தேகப்படுவது புரூஃபை அல்ல, பார்த்தவரை.

கணக்கர் மகள் (நாகர்கோவில்)

அண்ணா, நான் பொறியியல் இறுதியாண்டு. விடுதியில் ஆறு கணினி பூட்டிய அனுபவம் மட்டும் உண்டு. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராம் இரண்டையும் பிராசசரை ஒட்டியிருக்கும் முதல் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் செருகியிருக்கிறீர்கள். பந்தியில் முதல் இலையிலிருந்து உட்கார்வது மாதிரி எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். நான்கு இடம் இருக்கும் மதர்போர்டில் இரண்டு ராம் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. போர்டிலேயே பொடி எழுத்தில் ஏ2, பி2 என்று இருக்கும். மின்பாதை ஏ1 வழியாகப் போய் ஏ2வில் முடிகிறது. நீங்கள் முதலில் செருகினால் மீதிப் பாதை வாலாகத் தொங்கும். குறைந்த வேகத்தில் அது பெரிதாகத் தெரியாது, 6000இல் சமிக்ஞை எதிரொலித்துத் தொல்லை தரும்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்போ போட்டிருக்கிறீர்களா? 6000 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் ராமின் அடிப்படை வேகம் பெரும்பாலும் 4800தான். எக்ஸ்போ போட்டால்தான் 6000க்கு ஏறும். உங்கள் பிராசசருக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லியிருப்பது 5200 வரை. அதற்கு மேல் ஓடுவது பெரும்பாலும் ஓடும், ஆனால் சட்டப்படி ஓவர்கிளாக்.

முதலில் எக்ஸ்போவை நீக்கிவிட்டு 4800இல் இரண்டு நாள் விளையாடிப் பாருங்கள். கேம் மூடுவது நின்றால் ராம்தான். பிறகு இடம் மாற்றி, எக்ஸ்போ போட்டு, யுஎஸ்பியிலிருந்து ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். இதில் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் கிடையாது.

கோப்பு ஒவ்வொரு முறையும் வேறு வேறு என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு ராம் என்றுதான் தோன்றியது. கேம் தவறு என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழும்.

நெல்லை சர்வீஸ்

பாப்பா சரியாகச் சொல்லிவிட்டது, நான் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். ராமை இடம் மாற்றி முதல்முறை போடும்போது திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 ராமை போர்டு பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். சில நிமிடம் ஆகலாம். அந்த நேரத்தில் பதறிப்போய் பவரை அணைக்காதீர்கள். பத்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருங்கள். போர்டு செத்துவிட்டது என்று என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் பொறுமை இல்லாதவர்கள்.

இப்போது ‘டக்’ சத்தத்துக்கு வருகிறேன். அது கேபினெட் இல்லை ஐயா. மேசைக்கு அடியில் யு.பி.எஸ். இருக்கிறதா? எத்தனை வி.ஏ.? எத்தனை வயது?

அச்சுக்கோப்பவன்

இருக்கிறது. 600 வி.ஏ. பழைய கணினிக்கு வாங்கியது, ஆறு வருடம் ஆகிறது. கரண்ட் போனால் கத்திக் குழந்தையை எழுப்புகிறது என்று அதன் ஒலியை அணைத்து வைத்திருக்கிறேன். மானிட்டர் அதில் இல்லை, சுவர் பிளக்கில் இருக்கிறது.

நெல்லை சர்வீஸ்

மானிட்டர் எரிந்துகொண்டே இருக்க, கணினி மட்டும் அணைகிறது என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதி வேலை மிச்சம்.

யு.பி.எஸ்.ஸைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். 600 வி.ஏ. என்று பெரிய எழுத்தில் இருக்கும், 360 வாட் என்று சிறிய எழுத்தில் இருக்கும். கணக்குக்கு இரண்டாவதுதான் முக்கியம். உங்கள் கணினி கேம் ஓடும்போது சுவரிலிருந்து 400 வாட்டுக்குமேல் இழுக்கும். பகலில் மின்னழுத்தம் சரியாக இருக்கும்போது அது எப்படியோ தள்ளிக்கொண்டு போகிறது. மாலையில் தெரு முழுக்க மோட்டாரும் ஏசியும் ஓடத் தொடங்கியதும் மின்னழுத்தம் இறங்குகிறது. யு.பி.எஸ். உள்ளே இருக்கும் ரிலே (தானாக மாறும் சுவிட்ச்) தடம் மாறுகிறது, அதுதான் ‘டக்’. அந்த நொடியில் ஆறு வயது பேட்டரியின் தலையில் 400 வாட்டை ஏற்றினால் அது என்ன செய்யும்? படுத்துவிடும். சாதாரண யு.பி.எஸ். தரும் மின்சாரம் சுவரில் வருவதுபோல வழவழப்பான அலையும் அல்ல, படிப்படியாக வெட்டிய அலை. இப்போது வரும் எஸ்.எம்.பி.எஸ். பலவற்றுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

கணினியை மூன்று நாள் மாலை நேரடியாகச் சுவரில் போட்டு விளையாடுங்கள். பயப்படவேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். சீட்டில் ‘100–240’ என்று இருந்தால் 170 வோல்ட்டிலும் அது பாட்டுக்கு ஓடும். ஆனால் அதற்கு முன் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு அந்தப் பிளக்கில் எர்த் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதற்குப் பின்னால் கம்பியே இருக்காது.

கார்டுக்கு இரண்டு 8 பின் போகிறது. ஒரே கம்பியின் இரண்டு தலையையும் செருகியிருப்பதாகப் படத்தில் தெரிகிறது (இப்போது திறந்து பார்த்தேன்). எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனித்தனிக் கம்பி இழுத்துவிடுங்கள். இதனால்தான் அணைகிறது என்று சொல்லமாட்டேன், கேபினெட் திறந்திருக்கும்போதே செய்துவிட்டால் நல்லது.

மின்னல்வேகம்

நானும் 600 வி.ஏ.தான் வைத்திருக்கிறேன். இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். 360 வாட்.

அச்சுக்கோப்பவன்

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நடுவில் இரண்டு முகூர்த்தம், நிமிர நேரமில்லை.

முதலில் ராம். எக்ஸ்போவை நீக்கி 4800இல் மூன்று நாள் ஓட்டினேன். கேம் ஒரு தடவைகூட மூடவில்லை. அதோடு விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது, ஆனால் 6000க்குக் காசு கொடுத்தவன் 4800இல் ஓட்டினால் தூக்கம் வராது. பழைய இடத்திலேயே எக்ஸ்போவை மறுபடி போட்டு மெம்டெஸ்ட்86 ஓடவிட்டேன். முதல் சுற்று முடிவதற்குள் 214 பிழை. பார்த்ததும் வயிறு கலங்கியது. ஆனால் ஒரு மாதமாகப் பேய் மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது முதல்முறையாக எண்ணிக்கையில் சிக்கியதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

பிறகு இரண்டு ராமையும் ஏ2, பி2வுக்கு மாற்றினேன். ஏ2வில் ‘க்ளிக்’ என்று விழ எவ்வளவு அழுத்தவேண்டியிருக்கிறது! போர்டு உடைந்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். பவரைப் போட்டதும் நெல்லை ஐயா சொன்ன கறுப்புத் திரை. மூன்றாவது நிமிடம் என் கை தானாகப் பவர் பொத்தானுக்குப் போனது. மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, "பத்து நிமிடம் என்றுதானே எழுதியிருக்கிறார்?" என்றார். இந்தத் திரியை அவரும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான்கரை நிமிடத்தில் திரை வந்தது. எக்ஸ்போ, 6000, மெம்டெஸ்ட் நான்கு சுற்று, பிழை சுழியம். விடிந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் போய்ப் பார்த்தது அந்தச் சுழியத்தைத்தான். கெட்ட ராமும் இல்லை, கெட்ட கார்டும் இல்லை. நான் தவறான இலையில் உட்கார வைத்திருக்கிறேன்.

அடுத்து எர்த். வயர்மேன் வந்து டெஸ்ட் பல்பை வைத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் எரிந்தது, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் எரியவே இல்லை. நெல்லை ஐயா சொன்னது அப்படியே. மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒரு சிலந்திதான் குடியிருந்தது. கேபினெட்டைத் தொட்டால் சில நாள் விரலில் சுருக்கென்றதற்கும் அதுதான் காரணமாம், நான் அதைப் பனிக்கால வறட்சி என்று எண்ணியிருந்தேன். எங்கள் ஊரில் புரட்டாசியில் என்ன பனி என்று யோசித்திருக்கவேண்டும். பின்கட்டில் குழி தோண்டி, புதிதாக எர்த் கம்பி இழுத்துக் கொடுத்தார். அவருடைய மீட்டரில் மாலை ஏழரைக்கு 178 வோல்ட், மறுநாள் மதியம் இரண்டுக்கு 226.

கணினியை நேரடியாகச் சுவரில் போட்டு ஏழு நாள் மாலை விளையாடினேன். ஒருமுறைகூட அணையவில்லை. ‘டக்’ மட்டும் தவறாமல் மேசைக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது, பாரம் இல்லாத யு.பி.எஸ். தன்பாட்டுக்கு. ஒரு மாதமாக நான் கேபினெட்டைச் சந்தேகப்பட்ட சத்தம்.

மைத்துனரிடம் சொன்னேன். "அப்படியானால் கார்டு புதிதுதானா?" என்று கேட்டார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

இரண்டு கேள்வி மிச்சம் இருக்கிறது. சுவரிலேயே நிரந்தரமாக விடலாமா? வேலை நடுவில் கரண்ட் போனால் பத்திரிகைக் கோப்பு போய்விடுமே என்பதுதான் கவலை. பழைய யு.பி.எஸ்.ஸை என்ன செய்வது?

நெல்லை சர்வீஸ்

தொழில் கணினியை யு.பி.எஸ். இல்லாமல் விடாதீர்கள். வாங்கும்போது வி.ஏ. எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைக் கேளுங்கள், 600 வாட்டுக்குக் குறையாமல், ‘ப்யூர் சைன்வேவ்’ (சுவரில் வருவதுபோன்ற வழவழப்பான அலை) என்று பெட்டியில் அச்சிட்டதாக. விலை கூடத்தான் செய்யும். அது வரும்வரை வேலை செய்யும்போது பழைய யு.பி.எஸ்.ஸில் போட்டுக்கொள்ளலாம், வடிவமைப்பு வேலைக்கு நூற்றைம்பது வாட் தாண்டாது. கேமுக்குச் சுவர். ஆனால் பேட்டரியை மாற்றுங்கள், ஆறு வருடம் என்பது அதற்குச் சதாபிஷேக வயது.

வயர்மேனுக்கு என்ன கொடுத்தீர்கள்?

அச்சுக்கோப்பவன்

காசு வாங்க மறுத்துவிட்டார். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை என் செலவு. முந்நூறு பிரதி.

பேட்டரி மாற்றிவிட்டேன். புதிய யு.பி.எஸ். மார்கழி கழிந்துதான். அதுவரை மாலையில் விளையாட உட்காரும்போது மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கை மாற்றிப் போடுகிறேன். குழந்தை அதையும் ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கூடவே குனிகிறது.